பதிலைக் கொஞ்சம் பிந்திச் சொல்லுங்கள்: சின்ன வகுப்புகளில் விஞ்ஞானம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலைக்குப் புதிதாக நியமனம் கிடைத்துப் போயிருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். தரம் 4இல் 26 பிள்ளைகள். ஆய்வுகூடம் கிடையாது, சாமான் வாங்கக் காசும் கிடையாது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் புத்தகத்தை வாசித்து, கேள்வி பதில் எழுதிக் கொடுத்தே பாடவேளை முடிந்துவிடுகிறது. பெற்றோர் வேறு, அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்று இப்போதே வினாத்தாள் கேட்கிறார்கள். இதற்குள் விஞ்ஞானத்தைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி, புதுமையாகப் படிப்பிக்க வழி உண்டா என்பது அவருடைய கேள்வி.

உண்டு தங்கச்சி. நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள், வாவியின் இரண்டு கரையிலும் இருந்திருக்கிறேன், அதனால் உங்கள் வகுப்பறை எப்படி இருக்கும் என்று எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

புதுமை என்றவுடன் எல்லோரும் முதலில் சாமானைத்தான் நினைக்கிறார்கள். அப்பச்சோடாவுக்குள் வினாகிரியை ஊற்றி எரிமலை பொங்க வைப்பதை எத்தனையோ கண்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் கைதட்டும், மறுநாள் கேட்டால் "நுரை வந்தது ரீச்சர்" என்பதற்கு மேல் ஒன்றும் மிஞ்சியிருக்காது. நுரை வந்தது பிழையில்லை, அதற்கு முன்னால் ஒரு கேள்வி வரவில்லை என்பதுதான் குறை. அதே சோடாவை வைத்துக்கொண்டு, "ஒரு கரண்டிக்கு இவ்வளவு நுரை வந்தது, இரண்டு கரண்டி போட்டால் இரண்டு மடங்கு வருமா?" என்று கேட்டு, பிள்ளைகளின் ஊகத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் செய்து பாருங்கள், வகுப்பே வேறு வகுப்பாகிவிடும். வினாகிரியின் அளவு மாறாவிட்டால் ஒரு கட்டத்துக்கு மேல் சோடாவைக் கூட்டியும் நுரை கூடாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பதிலைத் தெரிந்து வைத்திருக்கிற நீங்கள் அதைக் கொஞ்சம் பிந்திச் சொல்லுங்கள். முதலில் பிள்ளை ஊகிக்கட்டும், அந்த ஊகம் பிழையாக இருந்தாலும் முகம் மாறாமல் பெயரோடு பலகையில் எழுதுங்கள், பிறகு செய்து பார்க்கட்டும், அதற்குப் பிறகுதான் உங்கள் வாய் திறக்க வேண்டும். இதற்குக் காசு தேவையில்லை. பொறுமை தேவை, அது எனக்கு வர நிறைய வருடம் எடுத்தது.

ஒரு சின்ன உதாரணம். ஈரத் துணியால் சீமெந்துத் தரையில் ஒரு வட்டம் போடுங்கள், அதன் ஓரத்தை வெண்கட்டியால் கோடு கீறுங்கள், கால் மணிக்கொரு தடவை பார்த்து மறுபடி கோடு கீறுங்கள். ஈரம் சுருங்கிக்கொண்டே போகும். தண்ணீர் எங்கே போனது என்று கேட்டால் என் வகுப்பில் எப்போதும் முதலில் வருகிற பதில், "நிலம் குடிச்சிட்டு ரீச்சர்." நல்ல பதில் அது. மணல் தரையில் வளர்ந்த பிள்ளை பார்த்ததைத்தான் சொல்கிறது. "இல்லை, அது ஆவியாகிவிட்டது" என்று நீங்கள் உடனே சொன்னால் பிள்ளை அந்தச் சொல்லைப் பாடமாக்கிக்கொள்ளும், மனதுக்குள் நிலம் குடித்துக்கொண்டேதான் இருக்கும். அதற்குப் பதிலாக, "அப்படியென்றால் பீங்கான் கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைப்போம், பீங்கானும் குடிக்குமா?" என்று கேளுங்கள். மறுநாள் காலையில் கோப்பை காய்ந்திருக்கும்போது வகுப்பில் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதற்காகத்தான் நாங்கள் இந்த வேலைக்கு வந்தோம் என்று எனக்குத் தோன்றும். உடனே இன்னொரு பிள்ளை "சூரியன் குடிச்சிட்டு" என்று சொல்லும். சரி, நிழலில் ஒன்று வைப்போம். அதுவும் காயும், ஆனால் பிந்திக் காயும். விசிறியால் வீசினால்? மூடி வைத்தால்? ஒரு வாரம் இதிலேயே போகும், போகட்டும். "வத்திப் போச்சு" என்று பிள்ளை தன் வாயால் சொன்ன பிறகு, "அதைத்தான் புத்தகத்தில் ஆவியாதல் என்று போட்டிருக்கிறார்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். அதே மாதிரித்தான் "காத்து" என்ற வீட்டுச் சொல் முதலில், "வளி" என்ற புத்தகச் சொல் பிறகு. அனுபவம் வராமல் கலைச்சொல்லைக் கொடுத்தால் அது பரீட்சைத் தாளில் மட்டும்தான் வாழும்.

அடுத்தது தோணி. நீரில் மிதப்பன, அமிழ்வன என்று ஒரு அட்டவணை போட்டு முடித்துவிடுகிற பாடம் இது, ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய செல்வம் கிடையாது. ஒரு வாளித் தண்ணீர், குழுவுக்கு ஒரு துண்டு பிளாஸ்ரிசின், கைநிறையப் புளியங்கொட்டை போதும். பிளாஸ்ரிசினை உருண்டையாக்கிப் போட்டால் அமிழும். "இதையே, ஒரு துளியும் கூட்டாமல் குறைக்காமல், மிதக்க வையுங்கள்" என்று சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். தட்டையாக்குவார்கள், அமிழும். ஓரத்தை மடித்துத் தோணி மாதிரி செய்தவுடன் மிதக்கும். பிறகு போட்டி: யாருடைய தோணி அதிகப் புளியங்கொட்டை தாங்கும்? எண்ணி எழுத வேண்டும். அகலமான தோணியா, நீளமானதா, ஓரம் உயர்ந்ததா என்று அவர்களே வாதம் பிடிப்பார்கள்.

இந்தப் பாடத்தில்தான் நான் ஒரு பெரிய பிழை விட்டேன். மீன்பிடிக்கிற வீட்டுப் பையன் ஒருவன், "தோணிக்குள்ள காத்து இருக்கு, அதாலதான் மிதக்குது" என்றான். காற்றடைத்த பந்தையும் தோணியையும் குழப்புகிறான் என்று நினைத்து, "இல்லை மகன், தோணி திறந்துதானே இருக்கிறது" என்று அவனை இருத்திவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் நெஞ்சு குத்தியது. அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. தோணி தண்ணீரை விலக்கி இடம் பிடிக்கிறது, அந்த இடத்துக்குள் பெரும்பகுதி பாரமில்லாத காற்று, அதனால் முழுத் தோணியும் சேர்ந்து, அது விலக்குகிற தண்ணீரைவிடக் கனம் கூடவில்லை. தண்ணீர் உள்ளே புகுந்து காற்றின் இடத்தைப் பிடித்தால் தோணி அமிழ்கிறது என்பது அவன் தகப்பனோடு போய்க் கண்ணால் கண்ட விஷயம். மறுநாள் வகுப்பின் முன்னால் அவனிடம், "நீ சொன்னது சரி, நான்தான் முழுதாகக் கேட்கவில்லை" என்று சொன்னேன். அதன் பிறகு அவன் கேட்காத கேள்வி இல்லை.

தோணியிலிருந்து முட்டைக்குப் போகலாம். நல்ல தண்ணீரில் முட்டை அமிழும், உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மேலே வரும். "கடல் தண்ணியில் முட்டை மிதக்குமா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் மிதக்கும் என்பார்கள், பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு போத்தல் கடல் தண்ணீர் கொண்டுவந்து போட்டுப் பாருங்கள், புது முட்டை அமிழ்ந்துவிடும். கடல் நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்பு, முட்டை மிதக்க அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வேண்டும். இப்போது வயல்காரர் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள், முட்டை மிதக்கும்வரை உப்புக் கரைத்து அதற்குள் விதைநெல்லைப் போட்டால் என்ன நடக்கும் என்று. சப்பி நெல் மேலே மிதக்கும், மணியான நெல் அடியில் நிற்கும், மிதந்ததை அள்ளி எறிந்துவிட்டு அடியில் நின்றதை நல்ல தண்ணீரில் கழுவி எடுக்க வேண்டியதுதான். விதைநெல் தெரிவு செய்வதற்கு விவசாயிகள் கையாளும் முறை இது. ஆக, தோணியில் தொடங்கிய பாடம் பெரும்போக விதைப்பில் வந்து நிற்கிறது.

அடியில் நின்ற அந்த நெல்லை எறிந்துவிடாதீர்கள். ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு நாள் சாக்குத் துண்டில் கட்டி வையுங்கள், வீட்டில் செய்கிற மாதிரியே. இடையில் ஒரு தடவை பிள்ளைகளைச் சாக்குக்குள் கை விடச் சொல்லுங்கள், சூடாக இருக்கும். அடுப்பும் இல்லை, வெயிலும் இல்லை, இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? விதை சுவாசிக்கிறது, உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எந்தப் படத்திலும் கிடைக்காது. கொஞ்சம் நெல்லை அவித்து இன்னொரு துணியில் கட்டி ஒப்பிட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதெல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துப் பார்ப்பதுதான் பரிசோதனை என்பது அவர்கள் கைக்குள் வந்துவிடும்.

ஒலி பற்றிய பாடத்துக்கு மட்டக்களப்புப் பிள்ளைக்கு வேறு எங்கே போக வேண்டும்? மீன் பாடும் தேன்நாடு என்று கவிதையாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். 1848 செப்டம்பரில் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, வாவியிலிருந்து எழும் ஒலியைத் தான் கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார். ஈரமான விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற சத்தம் போல இருந்ததாம், வள்ளத்தின் பலகையில் காதை வைத்தபோது ஒலி பெரிதாகக் கேட்டதாம். மீனவர்கள் அது மீன் இல்லை, ஊரி என்கிற நத்தை மாதிரியான ஓட்டுப் பிராணியின் சத்தம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மீனா, ஊரியா என்பது இன்றுவரை முடிவாகாத கேள்வி. பிள்ளைகளிடம் இதை அப்படியே சொல்லுங்கள், எங்கள் ஊர் வாவிக்குள்ளேயே பெரியவர்கள் இன்னும் கண்டுபிடிக்காத ஒன்று இருக்கிறது என்று. அந்தக் கண்கள் விரிவதைப் பாருங்கள்.

பிறகு செய்து பார்க்க நிறைய இருக்கிறது. மேசையின் ஒரு முனையில் காதை வைத்து மறுமுனையில் நகத்தால் சுரண்டச் சொன்னால், வள்ளத்துப் பலகையில் நடந்தது வகுப்பில் நடக்கும். இரண்டு சிரட்டையில் ஓட்டை போட்டுத் தங்கூஸ் என்கிற நைலோன் நூலைக் கட்டி இழுத்துப் பிடித்துப் பேசலாம், நூலைத் தளரவிட்டால் ஏன் கேட்கவில்லை என்பதையும் அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது போத்தல். ஒரே மாதிரிக் கண்ணாடிப் போத்தல் நான்கில் வேறு வேறு அளவு தண்ணீர் ஊற்றி, கரண்டியால் தட்டினால், தண்ணீர் கூடிய போத்தல் தடித்த குரலில் பேசும். சரி, விளங்கிவிட்டது என்று பிள்ளைகள் நினைக்கும்போது, அதே போத்தல்களின் வாயில் ஊதச் சொல்லுங்கள். இப்போது தலைகீழாகிவிடும், தண்ணீர் கூடிய போத்தல்தான் மெல்லிய குரலில் கூவும். தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் தண்ணீரும், ஊதும்போது அதிர்வது மேலே உள்ள காற்று. இதை நீங்கள் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு மூன்று நாள் அந்தச் சந்தேகத்தோடு அவர்கள் இருக்கட்டும், யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கொண்டுவந்து சேர்க்கும்.

இந்த இடத்தில் விபுலாநந்த அடிகளையும் ஞாபகப்படுத்துங்கள். 1892இல் காரைதீவில் பிறந்த அவரைத் தமிழ்ப் பேராசிரியர் என்று மட்டும்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்தவர், யாழின் நரம்புகளைச் சுருதிக் கணக்குப் போட்டு ஆராய்ந்தவர். வெறும் ரின்னில் இறப்பர் வளையம் மாட்டி, இழுவையைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிற பிள்ளை செய்வதும் அந்த வேலையின் தொடக்கம்தான்.

குசினியில் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செவ்வரத்தம்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்த சாறு, தேசிக்காய்ப் புளி பட்டால் சிவக்கும், சவர்க்காரத் தண்ணீர் பட்டால் பச்சைப்பக்கம் திரும்பும். மஞ்சள் தண்ணீர் சவர்க்காரம் பட்டால் சிவக்கும், ஆலாத்தித் தட்டு ஏன் சிவப்பாகிறது என்பதற்கும் அங்கே சுண்ணாம்பு செய்கிற வேலைதான் காரணம். எங்கள் எருமைத் தயிருக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்: கொதிக்கிற பால், இளஞ்சூட்டுப் பால், குளிர்ந்த பால் மூன்றிலும் ஒரே அளவு உறை போட்டு எது கட்டியாகிறது என்று பாருங்கள். நெகிழித் தாளில் ஒரு துளி தண்ணீர் விட்டு எழுத்தின் மேல் பிடித்தால் அது ஒரு குட்டி வில்லை, எழுத்தைப் பெருப்பித்துக் காட்டும்.

மாரிக்கு முன்னால் மழைமானி செய்து வையுங்கள். பக்கம் நேராக உள்ள போத்தலை வெட்டி, மேல்பாகத்தைக் கவிழ்த்துப் புனலாக வைத்து, அடியின் வளைவு மூடும்வரை சிறு கல்லும் தண்ணீரும் போட்டு அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடிமட்டத்தால் அளந்தால் மில்லிமீற்றரில் மழை. கார்த்திகை, மார்கழி, தை முழுக்கப் பிள்ளைகள் மாறி மாறி அளந்து சுவரில் வரைபு போட்டால், கணிதமும் அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. தட்டில் தண்ணீர் ஊற்றி, எரிகிற மெழுகுதிரியைக் கண்ணாடிக் குவளையால் மூடினால் தண்ணீர் உள்ளே ஏறும். ஒட்சிசன் தீர்ந்துபோன இடத்தைத் தண்ணீர் பிடித்தது, அதனால்தான் ஐந்திலொரு பங்கு ஏறியது என்று நானும் பல வருடம் படிப்பித்தேன். அது பிழையான விளக்கம். சுடர் ஒட்சிசனை எடுத்தாலும் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது, உள்ளே ஒட்சிசன் மிச்சம் இருக்கும்போதே அணைந்தும்விடுகிறது. தண்ணீர் ஏறுவதற்கு முக்கிய காரணம், சுடரால் சூடாகி விரிந்திருந்த வளி, சுடர் அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவது. கூர்ந்து பார்த்தால் தண்ணீர் விறுவிறுவென்று ஏறுவது சுடர் அணைகிற நேரத்தில்தான். மூன்று மெழுகுதிரி வைத்துப் பாருங்கள், குவளைக்குள் இருந்த ஒட்சிசன் அதே அளவுதான், ஆனால் தண்ணீர் கூட ஏறும். புத்தகத்தில் இருந்தாலும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பதை எனக்கு உணர்த்தியது இந்த மெழுகுதிரி.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிள்ளைகளை வாவிக் கரைக்குக் கூட்டிப் போகாதீர்கள், முதலை இருக்கிற தண்ணீர், ஆழமும் தெரியாது. வாளியில் தண்ணீரை வகுப்புக்குக் கொண்டுவந்தால் போதும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதை நீங்கள் மட்டும் தொடுங்கள். நெருப்பும் உங்கள் கையில்தான். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

26 பிள்ளைகள் என்றால் ஐந்து குழுவாகப் பிரியுங்கள், சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொப்பியில் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைக் குறைத்து, பார்த்ததை வரையச் சொல்லுங்கள். நான் நினைத்தது, நான் கண்டது என்று இரண்டு படம். பிழையான ஊகத்தை அழிக்க விடாதீர்கள், அழிறப்பரை அன்றைக்கு வாங்கி வைத்துவிடுங்கள்.

பெற்றோர் பற்றிக் கேட்டீர்கள். அவர்களோடு சண்டை பிடிக்க வேண்டாம், அந்தப் பரீட்சையில் தங்கள் பிள்ளையின் வாழ்க்கை தொங்குகிறது என்று நம்புகிறவர்கள் அவர்கள். நான் செய்தது, பழைய வினாத்தாளில் ஒரு சுற்றாடல் கேள்வியை எடுத்து, "இதை நாங்கள் எப்படிச் செய்து பார்க்கலாம்?" என்று அதையே பாடமாக்கினேன். நிழலைத் தானே அளந்த பிள்ளை, காலையில் நிழல் எந்தப் பக்கம் விழும் என்ற கேள்வியில் தடுமாறாது. அப்புறம் பெற்றோரையே வகுப்புக்குக் கூப்பிடுங்கள். வலை வீசுகிற ஒரு தகப்பன், வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை வெட்டினால் வாவித் தண்ணீரின் உப்பு எப்படி மாறும், எந்த மீன் வரும் என்று அரைமணி நேரம் பேசினார். அவர் பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் வராதவர், அன்றைக்கு அவருடைய மகள் இருந்த இருப்பை நான் மறக்க மாட்டேன்.

கடைசியாக நிழல். இதை வருடம் முழுக்கச் செய்யலாம், செலவு ஒரு கம்பு. எங்கள் ஊர்ப் பெயரிலேயே பாடம் இருக்கிறது: சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. முற்றத்தில் ஒரு மீற்றர் கம்பை நேராக நட்டு, மாதத்துக்கொரு நாள், மத்தியானம் நிழல் மிகக் குட்டையாகும்போது அதன் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். மார்கழியில் நிழல் சுமார் 60 சென்ரிமீற்றர் நீளத்தில் வடக்கே விழும். ஆனியில் 28 சென்ரிமீற்றர் அளவில் தெற்கே விழும். பக்கம் மாறுவதைக் கண்டு பிள்ளைகள் கம்பை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்றே சண்டை பிடிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில், ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டம்பர் 2, 3ஐ ஒட்டியும், மட்டக்களப்பில் சூரியன் நேரே தலைக்கு மேல் வரும், கம்புக்கு நிழலே இருக்காது. பொத்துவில் பக்கம் தெரிந்த ஆசிரியர் யாராவது இருந்தால் அவரையும் கம்பு நடச் சொல்லுங்கள், அங்கே ஏப்ரலில் இரண்டு நாள் முந்தியும் செப்டம்பரில் இரண்டு நாள் பிந்தியும் வரும், ஏன் என்று இரண்டு வகுப்பும் கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஏப்ரலில் லீவு வந்துவிடும், ஆகவே செப்டம்பரை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சரியான நேரம் 12 மணி தாண்டி மூன்று நிமிடமளவில். அந்த இரண்டு மூன்று நாளும் மத்தியானம் உங்கள் வகுப்பு முற்றத்தில்தான் நிற்கும் என்று அதிபரிடம் முதலே சொல்லிவிடுங்கள், முகில் வந்து மறைத்தால் அடுத்த நாளும் பார்க்கலாம்.